பலகை வராத சனிக்கிழமை

பலகை நடாமல் வேலையைத் தொடங்க முடியாது என்று சிரானுஷ் காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். உணவக முதலாளி வாஸ்கென் கேட்கவில்லை.

"பெர்மிட் கைக்கு வந்தாச்சுன்னு நீதானே சொன்னே?"

"வந்தாச்சு. ஆனா நகராட்சி ஆளு வந்து வாசல் ஓரத்து மஞ்சள் பெயிண்டை அழிச்சு, வெள்ளை அடிச்சு, வேலட் பார்க்கிங்னு பலகை நட்டாத்தான் அது செல்லும். அதுவரைக்கும் அது சரக்கு இறக்குற இடந்தான்."

"ஞானஸ்நான விருந்துக்குப் பாதி க்ளெண்டேல் ஊரே வருது, சிரானுஷ். வர்றவங்கள காரைத் தலைல தூக்கிட்டு உள்ளே வரச் சொல்லவா?"

பெரிய பெரிய ஹோட்டல்களின் வாசலில் பிறரிடம் வேலை பார்த்து, விருந்தாளிகளின் காரை வாங்கி நிறுத்தியே சிரானுஷுக்கு இத்தனை வருடம் கழிந்திருந்தது. சொந்தமாகத் தொடங்கிய தொழிலுக்கு முதலில் கிடைத்த உணவகம் வாஸ்கெனுடையது. அதன் வாசலில் இருந்ததோ மஞ்சள் பூசிய சாலையோரம். பக்கத்து டைல்ஸ் கடைக்காரர் கெவோர்க்கின் லாரி நிற்கும் இடம் அது. அனுமதிக்கான நகராட்சி விசாரணையில் அவர் எழுந்து நின்று, "என் லாரியை நான் எங்க நிறுத்தறது, கூரை மேலயா?" என்று கத்தியதில் அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். பல மாதம் அலைந்து, சனி ஞாயிறுக்கு மட்டுமாவது என்று கெஞ்சி வாங்கிய அனுமதி அது.

சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மதியம் தேவாலயத்திலிருந்து எல்லோரும் ஒரே மூச்சில் வந்து இறங்கினார்கள். அவளுடைய இரண்டு ஓட்டுநர்களும் கார்களைத் தெருமுனை வளாகத்துக்குக் கொண்டுபோவதும் ஓடி வருவதுமாக இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் அத்தை ஹஸ்மிக் சற்றுத் தாமதமாக வந்தாள். கையில் பெரிய கேக் பெட்டி. சாவியைச் சிரானுஷின் உள்ளங்கையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட கார். பின்னிருக்கையில் பரிசுப் பெட்டிகளும் போர்வையுமாகக் குவிந்து கிடந்தன. ஓட்டுநர் திரும்பி வந்ததும் எடுத்துப் போகட்டும் என்று காரை மஞ்சள் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அடுத்து வந்தவரைப் பார்க்கப் போனாள்.

திரும்பியபோது கார் இல்லை.

இழுவை வண்டி தூக்கிப் போய்விட்டது! உடனே புரிந்தது. பலகை வருவதற்கு முன்பே பிடிபட்டாயிற்று, இனி பெர்மிட் போய்விடும். யாருக்கும் தெரியாமல் போய் மீட்டு வந்துவிடலாம் என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஹஸ்மிக்கின் குரல் வாசலில் கேட்டது. கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"லுசினே எங்கே?"

"உன்கூடத்தானே வந்தா?"

"இல்லையே, உங்க கார்ல ஏத்தினேனே!"

"கிளம்புறப்பவே தூக்கம் வருதுன்னு மறுபடி உன் காருக்கே ஓடிட்டா. நீ பாக்கலையா?"

ஹஸ்மிக் சிரானுஷைப் பார்த்தாள். "என் கார் எங்கே?"

ஹஸ்மிக்கின் நாலு வயது மகள். அந்தப் போர்வைக்கடியில்தான் தூங்கியிருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காவல்துறையை அழைக்கப் போனை எடுத்த சிரானுஷின் முழங்கையை வாஸ்கென் பிடித்தான்.

"ஹஸ்மிக்கே காரை அங்க நிறுத்தினதா சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. இல்லேன்னா ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். தடை செய்த இடத்தில் காரை விட்டு, அதில் பிள்ளையையும் பூட்டிவிட்டுப் போன தாய் என்று ஹஸ்மிக்கை விசாரிப்பார்கள். கையை உதறிவிட்டுப் போனில் பேசினாள்.

"நான் வேலட் ஆளு. எங்க பலகை இன்னும் வரலை. காரை நிறுத்தினது நான்தான். உள்ளே ஒரு குழந்தை இருக்கு. சீக்கிரம் வாங்க."

அவள் கத்தியதைக் கேட்டு கெவோர்க் கடையை விட்டு வெளியே வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நான்தான் போன் பண்ணி எடுக்கச் சொன்னேன். சரக்கு லாரி வர்ற நேரம்... உள்ளே புள்ள இருக்கும்னு எனக்கெப்படிம்மா தெரியும்? வண்டியெல்லாம் எங்க கொண்டுபோவாங்கன்னு தெரியும். ஏறுங்க!"

அவருடைய சிறிய வேனின் முன்னிருக்கையில் ஹஸ்மிக்கும் சிரானுஷும் அவரோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். ஹஸ்மிக் அழவில்லை. சிரானுஷின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து எரிந்தது. கையை இழுத்துக்கொள்ளச் சிரானுஷுக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கெவோர்க் ஸ்டியரிங்கைக் குத்தினார். மூடிய கார் எத்தனை சீக்கிரம் அடுப்பாகும் என்பது பத்து வருடமாகக் கார்களோடு புழங்கியவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நினைக்காதே, நினைக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

கார்களை அடைத்துவைக்கும் வளாகத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அந்த வண்டி இன்னும் வரலையே. இந்நேரம் வந்திருக்கணும். டிரைவரும் போன எடுக்கல."

ஹஸ்மிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலி நெடுக வெயிலில் நின்ற கார்களை ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினார் கெவோர்க். சிரானுஷ் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அப்போது மேசை மேலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? ஓடிட்டிருக்கும்போதே பின்னாடி கார்லேர்ந்து ஹாரன் சத்தம் வந்துச்சு. நிறுத்திப் பாத்தா உள்ளே ஒரு பாப்பா! நான் கண்ணாடிய உடைச்சுட்டேன். தண்ணி குடிக்குறா. பெட்ரோல் பங்க்ல நிக்குறேன், யாரையாவது அனுப்புங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பெட்ரோல் பங்க் நிழலில், இழுவை வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள் லுசினே. முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அந்த டிரைவர், ஆறடி ஆள், தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தான்.

"கார் மேல ஏறிப் போச்சும்மா," என்றாள் குழந்தை. "கூப்பிட்டேன். யாருமே கேக்கல."

லுசினேயை மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தாய் மேல் வழக்கு வரவில்லை. சிரானுஷின் பெர்மிட் ரத்தானது. அந்த விசாரணைக்குக் கெவோர்க்கும் வந்து, "அவ பொய் சொல்லி தப்பிச்சிருக்கலாம், சொல்லலை. அத எழுதிக்குங்க," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா அந்த இடம் எனக்கு வேணும்," என்றார். வாஸ்கென் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொண்டான்.

மறுவருடம்தான் வேறொரு தெருவில் அவளுக்கு அனுமதி கிடைத்தது. பலகை நட்ட பிறகே வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு காரிலும் சாவி வாங்குமுன் பின்கதவைத் திறந்து, குனிந்து, இருக்கையைக் கையால் தடவிப் பார்ப்பாள்.

"என்னம்மா, எங்க மாமியாரத் தேடுறியா?" என்றார் ஒருவர். "அவங்கள வீட்லயே விட்டுட்டுத்தான் வந்தேன்."

சிரானுஷும் சிரித்தாள். ஆனால் பின்னிருக்கையில் கிடந்த போர்வையை முழுசாக உதறிப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தினாள்.