சின்னவளின் மூச்சு

அந்தக் காருக்கு ஒரு நோயும் கிடையாது. அதற்கு இருந்த ஒரே கோளாறு அந்த வீட்டு அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை கணவர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து வைப்பதை, திங்கட்கிழமை மதியம் அவர் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாசம்தான். பாசம் வைத்தவர்கள் செய்கிற வேண்டாத வேலைகளுக்கு ஒரு எல்லை உண்டா என்ன?

அவள் பிரசவ வார்டு நர்ஸ். ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரரும் கேலிக்கு அப்படியே கூப்பிடப்போக, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் அவரிடம், "உங்களுக்கு அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டே விட்டார். அதற்குப் பிறகாவது அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுபவர். ஒரு கோடு இம்மி பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர், ஒரே மகள் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன அடுத்த வாரமே, ஒரு லாரியின் முதுகில் எலும்பும் துருவுமாக ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. ஒரு காலத்தில் பந்தயத்துக்கெல்லாம் போன ஜாதியாம். கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. அவரைவிட வயதில் மூத்த வண்டி, ஆனாலும் வீட்டில் அதற்குச் சின்னவள் என்று பெயர் விழுந்துவிட்டது. மகள் போனில் பேசும்போதெல்லாம், "என் தங்கச்சி எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மாவின் சுகத்தைக் கேட்பாள்.

ஏழு வருஷம் ஆயிற்று அந்தத் தங்கச்சி எழுந்து நிற்க. அதற்குள் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. சாப்பாட்டு மேசையில் கியர் பெட்டியின் பற்சக்கரங்கள் வரிசையாகக் கிடந்தன. சிஸ்டரின் அரிசி வடிதட்டில் போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் குளித்தன. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டை அவர் பற்றவைத்தபோது, வாளித் தண்ணீரும் கையுமாகப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருக்கிறதா என்று அவர் ஒரு சீட்டுக்கட்டு அட்டையை விட்டு இழுத்துப் பார்ப்பார். இல்லையென்றால் கீலைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் வேலை செய்ய, அவள் விளக்குப் பிடிப்பாள். "விளக்கை என் மூஞ்சிக்குப் பிடிக்காதே, வேலைக்குப் பிடி" என்று வாரத்துக்கு ஒரு சண்டை. ஆனால் அந்த ஷெட்டில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளைப்போல் அவளுக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. மகள் போன வீட்டின் அமைதி அந்த ஷெட்டுக்குள் மட்டும் நுழையவில்லை.

கடைசியில் கரும்பச்சைச் சாயம் மினுங்க வண்டி ஓடியது. ஓடினால் மட்டும் போதுமா? பெட்ரோலோடு காற்றைக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டர் சின்னவளுக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் இடறும். இதைச் சரிபார்க்க அவரிடம் இருந்தது ஒரு முழ ரப்பர் குழாய். வண்டியை ஓடவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால், உஸ் என்று மெல்லிய மூச்சுச் சத்தம் வரும். ஒன்றில் கேட்டுவிட்டு மற்றதில் கேட்கவேண்டும். இரண்டு மூச்சும் ஒன்றாகும்வரை ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருப்பவேண்டும். வாராவாரம் செய்யவேண்டிய வேலையே அல்ல இது. ஆனால் ஞாயிறு காலையில் குழாயைக் காதில் வைக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. கேட்டு முடித்து, பானட்டைச் சாத்தி, "கச்சிதம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். ஏழு வருஷ உழைப்பின் கூலியை அந்த ஒரு வார்த்தையில் வாங்கிக்கொள்வார்.

போன வருஷம் ஒரு ஞாயிறு அவர் கச்சிதம் என்று சொன்னபோது இன்ஜின் நொண்டிக்கொண்டிருந்தது.

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போயிருந்தது. சமையலறையிலிருந்து அவள் கேட்பதற்கெல்லாம் "ம்ம்" என்று பொதுவாக ஒரு பதில். "அப்பா ஏம்மா போன்ல இப்படிக் கத்துறாரு?" என்று மகள் கேட்டிருந்தாள். முகம் பார்த்துப் பேசினால் தெரியாது. இன்ஜின் உறுமுவதும் கேட்கும். ஆனால் உஸ் மாதிரி மெல்லிய சத்தங்கள் அவர் காதைவிட்டுப் போய்விட்டன. காது டாக்டரைப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு வந்ததே கோபம். அவர் காதுக்கு ஒன்றும் இல்லையாம், ஊரில் எல்லாரும்தான் வாய்க்குள்ளேயே முனகுகிறார்களாம்.

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கஷ்டமான செய்திகளை நிதானமாகச் சொன்னவள்தான். ஆனால் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்து, உங்களுக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தவுடன் ஷெட்டுக்குள் போனாள். வண்டியை ஓடவிட்டாள், குழாயை எடுத்தாள், வார்டில் செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றுக்குள் இரட்டைக் குழந்தைகளின் இதயத் துடிப்பைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்ட காது அது. சின்னவளின் இரண்டு மூச்சு அதற்கு எம்மாத்திரம்? ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினாள், நொண்டல் நின்றது. அன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தவர், "பார்த்தியா, எப்படி வழுக்கிக்கிட்டுப் போறா!" என்று பூரித்துப்போனார். அவளுக்கும் மனசு நிறைந்துவிட்டது. அதன்பிறகு எல்லாத் திங்கட்கிழமைகளும் அப்படியே ஆயின.

ஆனால் வரைபடக்காரரை ஏமாற்றுவது அவ்வளவு லேசா? தான் வைத்த இடத்தில் ஸ்க்ரூ இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். மகள் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து, ஸ்க்ரூவுக்கும் அதைத் தாங்கும் உலோகத்துக்கும் குறுக்கே, அடிப்பக்கமாக, மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு போட்டார். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அடுத்த ஞாயிறு கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று புது ஸ்பிரிங் போட்டார். கோடு மறுபடி பிரிந்தது. கார்புரேட்டர்களை அடியோடு கழற்றித் தேய்ந்த தண்டுகளை மாற்றினார், அப்போதும் பிரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டார், ஷெட்டுக்குள் யாராவது வந்து எதையாவது தொட்டார்களா என்று. சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசிக்க நேரமில்லாமல், யாரும் தொடவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் ஆள் மாறிப்போனார். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஏதோ எண்களை முணுமுணுத்தார். ஆபீஸ் அளவுகளாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். ஒரு வியாழக்கிழமை, சின்னவளை விற்கப்போவதாகச் சொன்னார். பெட்ரோல் பங்கில் வண்டியைப் பார்த்து மயங்கிப்போன ஒரு பல் டாக்டர், ஞாயிறு காலையில் வந்து எடுத்துக்கொள்வாராம். ஏன் என்று கேட்டாள். முழங்கால் வலிக்கிறது, ஷெட் ஒழுகுகிறது, உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றும் வெறும் சாக்கு என்பது அவளுக்குத் தெரியும். முழங்கால் ஏழு வருஷமாகவே வலிக்கிறது.

அவளுக்குத் தெரிந்தவரை காரணம் ஒன்றுதான். ஒரு ஸ்க்ரூவைக்கூட நிலையாக நிறுத்தமுடியவில்லை என்று மனுஷர் தன் கையின்மேலேயே நம்பிக்கை இழந்துவிட்டார். அதாவது, தான் செய்த உபகாரம்தான் வண்டியை வாசலுக்கு வெளியே தள்ளுகிறது. வண்டி நிற்கவேண்டுமானால் உண்மையைச் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால் காதைப்பற்றியும் சொல்லியாகவேண்டும். வெள்ளியும் சனியும் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு தாய்க்குப் பிறந்தது பையன் என்று சொல்வதற்குப் பதில் பெண் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் அவர் வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை மூச்சு கேட்க, பானட்டும் திறந்திருந்தது. சிஸ்டர் அவருக்கு எதிரே, முகம் நன்றாகத் தெரியும்படி வந்து நின்றாள்.

"சின்னவளை விக்க வேண்டாம்ங்க. அவ மேலயும் தப்பு இல்ல, உங்க கை மேலயும் தப்பு இல்ல. அந்த ஸ்க்ரூவைத் திருப்பினது நான்தான்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "எப்போ?"

"ஒவ்வொரு திங்கக்கிழமையும்."

"யாரும் தொடலைன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். காரணத்தையும் அவளே சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, உதட்டசைவு தெரியும்படி சொன்னாள். "உங்களுக்கு அந்த உஸ் சத்தம் கேக்கறதில்லைங்க. ஒரு வருஷமாவே கேக்கல. உங்களுக்குக் காது போயிடுச்சு."

சொல்லிவிட்டு, கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று அவள் பதறிக் குனிந்தபோது அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"காது மட்டும்தானா?" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"காது மட்டும்தானே போச்சு? வேற ஒண்ணும் இல்லையே? நீ நர்ஸு, நல்லா யோசிச்சுச் சொல்லு."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனவர். குடித்த டீயை மறுபடி கேட்பார், வைத்த சாவியை யாரோ திருடிவிட்டதாகச் சொல்வார், கடைசியில் பெற்ற மகனையே யார் என்று கேட்டார். கோடு நகர்ந்திருந்த முதல் வாரத்தில் இவர் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டார். அடுத்துத் தண்டைச் சந்தேகப்பட்டார். யாரும் தொடவில்லை என்று அவள் சொன்ன பிறகு சந்தேகப்பட மிச்சமிருந்தது தன் மூளை ஒன்றுதான். தானே வந்து திருப்பிவிட்டுத் தானே மறந்துபோகிறோம் என்று முடிவுகட்டிவிட்டார். அவளைச் சந்தேகப்படலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சவரக் கண்ணாடியின் முன்னால் முணுமுணுத்ததெல்லாம் மகளின் பிறந்த தேதி, அவர்கள் கல்யாணத் தேதி, பழைய வீட்டின் கதவு எண். தினமும் தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். என்றைக்காவது வண்டி ஓட்டும்போது வழி மறந்து, பிரேக் எது என்பதும் மறந்து, பக்கத்தில் இருப்பவளை எங்காவது கொண்டுபோய் மோதிவிடுவோமோ என்ற பயத்தில்தான் வண்டியையே விற்கத் துணிந்திருக்கிறார்.

"உன்னை யாருன்னு கேட்டுருவேனோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றார்.

ஊரார் நோயையெல்லாம் முகம் பார்த்தே சொல்லுகிறவள், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இந்தப் பயத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அதை ஊட்டி வளர்த்ததும் அவள்தான். அவள் அழுதாள். அழுதுகொண்டே, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். நீ சொன்னாயா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவர் எழுந்தார், சாவியைத் திருகி வண்டியை ஓடவிட்டார். ரப்பர் குழாயை எடுத்து, முனையை வேட்டியில் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். அவர் கைக்கு ஸ்க்ரூடிரைவர் போயிற்று. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். முன் மூச்சைக் கேட்டாள், பின் மூச்சைக் கேட்டாள், விரலை உயர்த்தினாள். அவர் இம்மி திருப்பினார். விரல் இன்னும் கொஞ்சம் என்றது. அவர் திருப்பினார். ஏழு வருஷம் விளக்குப் பிடித்தவள் வேலையில் கைவைத்தது அன்றைக்குத்தான், அதாவது அவருக்குத் தெரிந்து.

அப்போது வாசலில் மணி அடித்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே பல் டாக்டர், புதுச் சட்டையும் கூலிங்கிளாஸுமாக நின்றுகொண்டிருந்தார். மறுபடி அடித்தார். வீட்டுக்காரர் ஸ்க்ரூவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் அவர் தோளைத் தொட்டு, அவர் காதருகே குனிந்து சொன்னாள், டாக்டர் வந்து வாசலில் நிற்கிறார் என்று.

அவர் திரும்பி ஒருமுறை கேட்டைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"எனக்குத்தான் காது கேக்காதே" என்று சொல்லிவிட்டு, இன்ஜின்மேல் குனிந்துகொண்டார்.

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவைக்க முடியாமல் ஒரு வருஷம் தவித்த சிஸ்டர், குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி கேட்டை நோக்கி நடந்தாள்.