ஒன்பதாவது எல்லர்பெக் பிரபுவும் என் பல்வலியும்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கடைவாய்ப் பல். அது அன்று வலிக்காமல் இருந்திருந்தால் நான் ஆப்ரியின் வண்டியில் ஏறியிருக்க மாட்டேன். ஏறாமல் இருந்திருந்தால், ஊரில் மற்றவர்களைப் போல நானும் இதைத் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் ஆப்ரி மகான். இன்னொன்றில் நரி. நான் பின் இருக்கையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எனக்கு அவர் இரண்டாகவும் தெரியவில்லை.

ஆரம்பம்தான் அமையவில்லை.

"1796-ஆம் ஆண்டு, மன்னரின் முத்திரை பதித்த சாசனத்தின்படி..."

(கொட்டாவி வந்தது. எழுதிய எனக்கே.)

"யார்க்‌ஷரில் அன்று மழை..."

(அதெல்லாம் ஒரு செய்தியா?)

"எட்டாவது எல்லர்பெக் பிரபு, டிராக்டரிலிருந்து இறங்கும்போது செத்துப்போனார்."

இது இருக்கட்டும். உண்மையும்கூட.

2

அவர் பெயர் ஜெர்வேஸ். லண்டனிலேயே இருப்பவர், வேட்டைக்கு மட்டும் ஊருக்கு வருவார். 1977 அக்டோபரில் விருந்தாளிகள் முன்னால் டிராக்டர் ஓட்டிக் காட்டிவிட்டு, கைதட்டலுக்குத் தலையசைத்தபடி இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மனைவி டேவினா அப்போது நான்கு மாதக் கர்ப்பம்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், எழுந்து போய்விடாதீர்கள்.

முதல் எல்லர்பெக் நாடாளுமன்றத்தில் ஓயாமல் பேசுவாராம். அவர் வாயை அடைக்க வேறு வழியில்லாமல், பிரபு பட்டம் கொடுத்து மேலவைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எல்லோரும் தூங்குவார்கள் என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனை: ஆண் வாரிசுக்கு மட்டும். நான்காவது பிரபுவுக்கு வரிசையாக ஆறு பெண்கள். அவர் கண்ணை மூடியதும் யாரென்றே தெரியாத ஒரு பங்காளி வந்து, குளியலறை எங்கே என்று கேட்டான். ஆறு பெண்களும் பிறந்த வீட்டை விட்டு ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். வீடும் பட்டத்தோடு சேர்ந்தது.

ஆகவே 1977-இல் நிலைமை இதுதான். டேவினாவுக்கு ஆண் குழந்தை பிறந்தால் அதுதான் ஒன்பதாவது பிரபு, பிறந்த நொடியிலிருந்து. பெண்ணானால், ஜெர்வேஸின் தம்பி ஆப்ரி. அதுவரை பட்டம் யாருக்கும் இல்லை, அந்தரத்தில் நிற்கும். முன்கூட்டியே பார்த்துச் சொல்ல எங்கள் ஊர் டாக்டரிடம் எந்த வசதியும் கிடையாது. மொத்த ஊரும் ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

3

ஆப்ரியைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேனா நிற்கிறது.

"ஆப்ரிக்குப் பட்டத்தில் ஆசையே இல்லை." (பொய்.)

"ஆப்ரி பட்டத்துக்காக எதையும்..." (அதுவும் பொய்.)

தெரிந்ததைச் சொல்கிறேன். அண்ணன் லண்டனில் இருந்த காலம் முழுக்க எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டவர் ஆப்ரி. எந்தக் கல்சுவர் எந்த மழைக்குச் சரியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கடிதம் வந்தால் அண்ணன் பெயருக்கு வரும். மண்ணெல்லாம் தன்னுடையது போலவும், தனக்கு எதுவுமே சொந்தமில்லாதது போலவும் ஒரு மனிதன் நடக்க முடியுமானால், அப்படி நடப்பார்.

அவர் மனைவி மியூரியலுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. இறைச்சிக் கடையில் ஒருநாள் நான் அவள் பின்னால் நின்றிருந்தேன்.

"என்ன வேணும், சீமாட்டி?" என்றார் கடைக்காரர் அவுத்வைட், பிரபுவின் மனைவியை அழைப்பது போல.

"இன்னும் ஆகல, அவுத்வைட்," என்றாள் மியூரியல். ஆனால் கன்னம் சிவந்தது.

"அதான் கிட்டத்தட்ட சீமாட்டின்னு வெச்சுக்கலாம். நல்ல எலும்பா போடட்டுமா, இல்ல கிட்டத்தட்ட நல்ல எலும்பா?"

கடையே சிரித்தது. மியூரியலும் சிரித்தாள். வெளியே போகும்போது மட்டும், யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "மார்ச் வரைக்கும் பொறுத்துக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளும் அத்தனை வருஷமாக எஸ்டேட்டின் ஒழுகுகிற சின்ன வீட்டில் வாளி வைத்து வாழ்ந்தவள் என்பதை ஊர் மறந்துவிடுகிறது. நானும் முதல் வரைவில் மறந்திருந்தேன்.

4

மார்ச் ஆரம்பம். ஆடுகள் குட்டி போடும் சமயம். ஊர்ப் பள்ளி ஆசிரியையான நான், வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டரிடம் போக வழியில்லாமல் நின்றேன். ஆப்ரி லேண்ட் ரோவரை நிறுத்தினார்.

"ஏறுங்க டீச்சர். பேச வேண்டாம். நீங்க பேசாம இருக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எல்லர்பெக் பிரபுக்களின் பெரிய வீட்டு வாசலைத் தாண்டும்போது டேவினா படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். நாள் இன்னும் இருந்தது. ஆனால் குழந்தை கேட்கவில்லை. பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். போன வாரம்தான் மருத்துவச்சி சொல்லியிருந்தாள்: குழந்தையின் தலை திரும்பவில்லை, ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது.

ஆப்ரி கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் விரித்தார். டேவினா என் பக்கத்தில் ஏறினாள். மேட்டு வழியாகச் சுற்றிப் போனால் குழந்தை வண்டியிலேயே பிறந்துவிடும். மிச்சம் இருந்தது ஓடை வழிதான்.

5

வழக்கமாக அந்த ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்கு வரும். வண்டிகள் அதில் இறங்கி ஏறிப் போகும். அன்று அது காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது.

ஆப்ரி வண்டியை நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கை கியரில் இருந்தது. கை அசையவில்லை.

[கதையே இந்த நிறுத்தம்தான். முதலில் "அவர் கண்களில் பேராசை மின்னியது" என்று எழுதினேன். நான் பார்த்தது அவருடைய பின்னங்கழுத்தை. பின்னங்கழுத்தில் என்ன மின்னும்? அடுத்து "அவர் துளியும் தயங்கவில்லை" என்று எழுதினேன். தயங்கினார். என் கண்ணால் பார்த்தேன்.]

"ஆப்ரி," என்றாள் டேவினா.

"ம்."

"பொண்ணா இருக்கணும்னு வேண்டிக்கிறீங்களா?"

வைப்பர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"ஆமா."

"தினமுமா?"

"சர்ச்லகூட. பாதிரியார் என்னையே மொறைக்கற மாதிரி இருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் வலி வந்து என் கையை இறுக்கினாள். என் பல்வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பொண்ணா பொறந்தா என்னை வெளிய அனுப்பிடுவீங்களா?"

"மியூரியல் அனுப்புவா. நான் பெட்டிய தூக்கிட்டு வருவேன்."

"அதுக்கு மியூரியலே தேவலை."

ஆப்ரி கதவைத் திறந்து இறங்கினார். வேலிக் கம்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடைக்குள் நடந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. நடுவில் ஒருமுறை சறுக்கினார். தொப்பி போய்விட்டது. அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்தார்.

"நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. எடது பக்கமா ஒட்டிப் போனா போயிடலாம்." கியரைப் போட்டவர், திரும்பாமலே சொன்னார்: "டேவினா, நான் நின்னது தண்ணிக்காக மட்டும் இல்ல."

"தெரியும்," என்றாள் அவள். "ஓட்டுங்க."

6

ஆஸ்பத்திரி நடையில் அவர் நின்ற இடமெல்லாம் குளமானது. நர்ஸ் அவருடைய ஈர உடையைக் கழற்றச் சொல்லி, நோயாளிகளின் நீல அங்கியைக் கொடுத்தாள். அது அவர் முழங்காலோடு நின்றுவிட்டது.

"நீங்கதான் அப்பாவா?"

"இல்ல. சித்தப்பா."*

மத்தியானத்துக்குள் மியூரியலும் மேட்டு வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தாள். நல்ல தொப்பி போட்டிருந்தாள். கணவனின் கோலத்தைப் பார்த்து வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய குளிர்ந்த காலைத் தன் கம்பளிச் சால்வையால் மூடினாள்.

கதவு திறந்தது. நர்ஸ் கையில் மஞ்சள் துணிப் பொட்டலம்.

"டேவினா எப்படி இருக்கா?" என்றார் ஆப்ரி.

"நல்லா இருக்காங்க. ரெண்டு பேருமே. இது என்னன்னு..."

"சொல்லாதீங்க, சிஸ்டர்." கை நீட்டினார். "கொஞ்ச நேரம் சொல்லாதீங்க."

* ஆங்கிலத்தில் அவர் சொன்னது 'அங்கிள்'. அந்தச் சொல்லுக்குள் அப்பா இல்லை. நம் சொல்லுக்குள் இருக்கிறார். இப்படி மாற்றியதற்கு ஆப்ரி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

7

இப்போது முடிவு.

ஆண் என்று எழுதினால், "ஐயோ பாவம் ஆப்ரி, என்ன தியாகம்!" என்பீர்கள். பெண் என்று எழுதினால், "நல்ல மனசுக்குக் கிடைத்த பரிசு" என்பீர்கள். இரட்டை என்று எழுதலாமா என்றுகூட ஒரு மாலை முழுக்க யோசித்தேன். (வேண்டாம். வம்பு.)

எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே நான்தான். சொல்லமாட்டேன். 'குழந்தை' என்ற சொல் தமிழில் இருக்கும்வரை என்னை யாரும் மடக்கவும் முடியாது. அழுதது, சிரித்தது, அடம்பிடித்தது என்றே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டுவேன்.

ஆனால் அந்த நடையில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீல அங்கியில், முழங்கால் தெரிய, ஆப்ரி அதை ஏந்திக்கொண்டிருந்தார். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தது. "வந்துட்டியா?" என்றார். மூக்கு நுனியில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. தோளில் துடைத்துக்கொண்டார்.

மியூரியல் எழுந்து வந்து, கையுறையைக் கழற்றினாள்.

"எனக்குக் குடு, ஆப்ரி."

அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவள் குழந்தையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். அவள் விரல்கள் மஞ்சள் துணியின் ஓரத்தைப் பிடித்தன. நர்ஸ் பார்த்தாள். ஆப்ரி பார்த்தார். நான் பார்த்தேன். விரல்கள் துணியை விலக்கலாம், குளிருமே என்று இன்னும் இழுத்து மூடலாம். இரண்டுக்கும் அசைவு ஒன்றாகத்தான் தொடங்கும். அடுத்த வரியை எழுதுவது உங்கள் பாடு. மியூரியலை உங்களுக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.