பதினெட்டாவது வரி

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ரிவர்ஸ் டீச்சர் என்று பெயர். வைத்தது பிள்ளைகள். ஆசிரியர் அறைக்கு அது போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. தலைமையாசிரியரே வாய் தவறி அவர் முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட இன்னும் ஒரு மாதம் ஆனது. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

கடைசி வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி வைக்கும் வேலை அவருடையது. நூலகத்துக்குப் பின்னால், முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, அதில் ஒன்று ஆடும். ஆடும் நாற்காலியில் எப்போதும் அப்பாக்கள்தான் உட்கார்வார்கள், ஏனென்று தெரியாது.

இடம் ஒதுக்கும் முறை இதுதான். வேண்டிய படிப்புகளை, ஒவ்வொன்றுக்கும் உள்ள நான்கு இலக்க எண்ணை வைத்து, ஆசை வரிசையில் கணினியில் ஏற்றிப் பூட்டிவிட வேண்டும். இயந்திரம் மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வரும். எந்த வரிக்கு முதலில் மதிப்பெண் போதுகிறதோ அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே தங்கமே எழுதியிருந்தாலும் எட்டிக்கூடப் பார்க்காது. பூட்டிய பிறகு அப்பன் வந்தாலும் ஆண்டவன் வந்தாலும் திறக்காது.

அதனால் டீச்சர் முதலில் பென்சிலால் ஒரு தாளில் எழுத வைப்பார். மேலே ஆசைகள். நடுவில் தோதானவை. கடைசி வரிக்குக் காவல் வரி என்று பெயர்; யார் கேட்டாலும் கிடைக்கிற படிப்பு ஒன்று, எல்லாம் கைவிட்டாலும் பிள்ளை வீட்டில் உட்காராமல் இருக்க. பதினோரு வருஷத்தில் அவர் கையில் வந்த பிள்ளை ஒன்றுகூட வீட்டில் உட்கார்ந்ததில்லை.

எழுதி முடித்ததும் ஸ்கேலை அடிவரியில் வைத்து, கீழேயிருந்து மேலே படிக்கச் சொல்வார். மேலேயிருந்து படித்தால் கண் தெரிந்ததைத் தானே படித்துக்கொண்டு ஓடிவிடும். கீழேயிருந்து படித்தால் ஒவ்வொரு எண்ணிலும் தடுக்கி நிற்கும், தப்பு இருந்தால் காலில் குத்தும். ரிவர்ஸ் டீச்சர் என்ற பட்டம் இதற்குத்தான்.

"கரெக்ட் டீச்சர்," என்றார் அந்த வருஷம் வந்த பஸ் டிரைவர், ஆடும் நாற்காலியில் இருந்துகொண்டு. "பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஒருத்தர் நின்னு கை காட்டணும். எங்களுக்கு நீங்கதான் அது."

பக்கத்தில் அவர் பெரிய மகள். வகுப்பில் அவளுக்குக் கீறல் என்று பெயர். சனிக்கிழமைதோறும் ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போய்த் தரை துடைப்பாள், ஊசி போடும்போது பூனைகளைப் பிடித்துக்கொள்வாள். முழங்கை வரை கோடு கோடாக இருக்கும். மனிதர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், நாயின் ஈறு வெளுத்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். தாளில் முதல் மூன்று வரியும் கால்நடை மருத்துவம், மூன்று கல்லூரிகளில். நாலாவது வரியிலிருந்து அவளுக்கு ஆசையே இல்லை. டீச்சர் சொல்லித்தான் எழுதினாள். பதினெட்டாவது வரி அலுவலக நிர்வாகம், பஸ் போகிற கடைசி நிறுத்தத்தில் ஒரு கல்லூரி. எண் 4417.

"இதுக்கு வேலையே வராதும்மா," என்றார் டீச்சர். "சும்மா காவலுக்கு. உன் மார்க்குக்கு ரெண்டாவது வரி கண்டிப்பா கிடைக்கும்."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து டீச்சர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பூட்டவேண்டிய கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணி கெடு. இரண்டு நாளாக இணையதளம் திறக்காமல் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் மகளுக்குத் தட்டச்சுத் தேர்வு. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நாலு இருபதுக்கு டீச்சரின் போன் அடித்தது.

"டீச்சர், டிரைவர் பேசறேன். டிப்போல சூப்பர்வைசர் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் குடுத்திருக்கார். இப்பத்தான் சைட்டு திறந்துச்சு."

"அப்பாடா. லிஸ்ட் கையில இருக்குல்ல?"

"அதான் டீச்சர் விஷயம். சட்டைப் பையில வச்சிருந்தேன். சட்டையைத் துவைக்கப் போட்டுட்டாங்க. லிஸ்ட்டு இப்போ பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு."

டீச்சரிடம் எப்போதும் ஒரு நகல் இருக்கும். எதிரே ஒரு கணவனும் மனைவியும் மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு கையால் அடக்கி, போனைத் தோளில் இடுக்கி, மறு கையால் கோப்பிலிருந்து நகலை உருவி, ஸ்கேலை வைத்தார். எங்கே வைத்தார்? பதினோரு வருஷம் வைத்த இடத்தில். அங்கே வைத்தால்தான் அவருக்கு வாயே திறக்கும்.

"சொல்றேன், அடிங்க. நாலு நாலு ஒண்ணு ஏழு."

"நாலு நாலு ஒண்ணு ஏழு. ம்."

அப்படியே பதினெட்டும். டீச்சர் கீழேயிருந்து மேலே போனார். டிரைவர் மேலேயிருந்து கீழே அடித்துக்கொண்டு வந்தார்.

"இப்போ நீங்க எனக்குப் படிச்சுக் காட்டுங்க. பேரைப் பார்க்காதீங்க, ஒரே பேர்ல நாலு காலேஜ் இருக்கும். நம்பர் மட்டும்."

அவர் திரையின் முதல் வரியிலிருந்து படித்தார். இவர் ஸ்கேலை அடிவரியிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்தார். பதினெட்டும் அட்சரம் பிசகாமல் பொருந்தின. நடுவில் எங்கேயாவது ஓரிடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டிருக்கலாம். முட்டிக்கொள்ளவில்லை.

"பூட்டிடவா டீச்சர்?"

"பூட்டிடுங்க."

மணி நாலு நாற்பத்தொன்று. டீச்சர் தாளில் பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டு, எதிரே இருந்த சண்டையைத் தீர்க்கத் திரும்பினார்.

பத்தொன்பது நாள் கழித்து முடிவு வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, இங்கே தாழி எப்போதோ உடைந்து, சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது. இரண்டாவது வரியில் இருந்த கால்நடைக் கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையைவிட இவளுக்கு மூன்று மார்க் அதிகம். ஆனால் இவளுக்கு ஒதுக்கியிருந்தது 4417.

டிரைவர், மனைவி, மகள் மூன்று பேரும் அறைக்கு வந்தார்கள். டிரைவர் உட்காரவில்லை.

"நான்தான் டீச்சர் தப்பா அடிச்சுட்டேன்," என்றார். "வரிசை தலைகீழா ஆகிப்போச்சு."

"ஊரையே பத்திரமா ஏத்தி இறக்கற மனுஷன்," என்றார் அவர் மனைவி, டீச்சரைப் பார்த்து. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர். அன்றும் நின்றுகொண்டுதான் பேசினார். "பெத்த பொண்ணை நடுரோட்ல இறக்கி விட்டுட்டார்."

மகள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைகீழ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டீச்சரின் கண் மேஜைமேல் இருந்த ஸ்கேலுக்குப் போனது. புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். "நான் சேர்க்கை ஆபீஸ்ல போய்ப் பேசிப் பார்க்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

போனார். மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அவர்மேல் இரக்கப்பட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், வருஷா வருஷம் இந்தக் கதையோட வர்றாங்க. பூட்டினது பூட்டினதுதான்."

"அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமா?"

"கால்நடைக்கு அந்தந்த வருஷம் பாஸ் பண்ணவங்களை மட்டும்தான் எடுப்பாங்க. கிடைச்சதை வேண்டாம்னா மூணு வருஷம் எதுக்குமே எழுத முடியாது. கிடைச்சதுல சேர்ந்துடச் சொல்லுங்க. அதுவும் ஒரு படிப்புதானே."

அதுவும் ஒரு படிப்புதான். இதே வாக்கியத்தை எத்தனை பெற்றோரிடம் தானே சொல்லியிருக்கிறோம் என்று டீச்சர் படியிறங்கும்போது எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. டீச்சரால் அந்த ஸ்கேலைத் தொட முடியவில்லை. வேறொன்று வாங்கினார், அதையும் தொட முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போய்விட்டார். டிரைவர் தன் பஸ்ஸின் முன்கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் லிஸ்ட்டைக் கீழேயிருந்து படிச்சேன்," என்றார் டீச்சர், வணக்கம்கூடச் சொல்லாமல். "தப்பு உங்களோடது இல்ல. என்னோடது."

"தெரியும் டீச்சர்."

டீச்சர் கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரிசல்ட்டைப் பார்த்த உடனே தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருஷமா பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறேன், இது தெரியாதா? படியில உட்காருங்க, வெயில் அடிக்குது."

"தெரிஞ்சும் ஏன் பழியை நீங்க எடுத்துக்கிட்டீங்க? உங்க வீட்ல உங்களை என்ன பேச்சுப் பேசறாங்க."

டிரைவர் தாளை மடித்து இன்னொரு பக்கத்தால் துடைத்தார். "சின்னவ அடுத்த வருஷம் உங்ககிட்டதான் வரணும். நாங்க ரெண்டு பேரும் காலேஜ் கேட்டைக்கூடத் தாண்டினதில்ல. உங்களை விட்டா அவளுக்கு யாரு? அவங்கம்மாவுக்கு இது தெரிஞ்சா சின்னவளை உங்க ரூம் பக்கமே விட மாட்டா. பெரியவளுக்கு யார் மேலயாவது கோபப்பட்டாகணும். வீட்ல இருக்கறவன் மேல படட்டும். நான் எங்க போயிடப் போறேன்?"

"அவகிட்டயாவது சொல்லிடறேனே."

"சொன்னா சீட்டு கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்புறம் எதுக்கு டீச்சர்? உங்க மனசு ஆறவா?"

அப்போது டீச்சருக்கு வந்தது நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல இருக்கும்.

சேர்க்கைப் படிவம் கொடுக்கக் கடைசி நாளன்று அப்பாவும் மகளும் வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர், பத்தடி இடைவெளியில். மகள் அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். கீறல்கள் எல்லாம் ஆறிப்போயிருந்தன.

"சனிக்கிழமை போறதில்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர். இனிமே எதுக்கு?"

படிவம் இரண்டு பக்கம். பேனாவால் அழகாக நிரப்பினாள். முடித்ததும், யாரும் சொல்லாமலே, மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்து அடிவரியில் வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை. தேதி, முகவரி, தந்தை தொழில்.

"படிப்பின் எண். நாலு நாலு ஒண்ணு ஏழு."

அங்கே நின்றாள். ஸ்கேலைப் பார்த்தாள். அது இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், அன்னிக்கு போன்ல நீங்கதானே நம்பர் படிச்சீங்க?"

"ஆமா."

"எந்தப் பக்கமிருந்து படிச்சீங்க?"

"மேலேயிருந்துதான் படிச்சாங்க," என்றார் டிரைவர் அவசரமாக. "எனக்குத்தான்..."

"உங்களைக் கேக்கல." மூன்று வாரத்தில் அவள் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஆடும் நாற்காலி ஒரு முறை ஆடி நின்றது. டிரைவர் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, சின்னவள் இருந்தாள். டீச்சர் அதைச் சாக்காக வைத்துக்கொண்டார் என்பதே உண்மை. அடுத்து அவர் சொன்ன பொய் சின்னவளுக்காக மட்டும் இல்லை. இந்தப் பெண்ணின் கண் தன்மேல் திரும்புவதை அவரால் தாங்கியிருக்க முடியாது.

"மேலேயிருந்துதாம்மா," என்றார்.

அவள் நம்பினாள். ரிவர்ஸ் டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஸ்கேலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தர் சொல்றதைக் கேட்டு அப்படியே அடிக்கக்கூட உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலம்மா," என்றார் டிரைவர். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "நான் எங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்?"

டீச்சர் கடைசி வரியைக் காட்டினார்.