இந்தக் கோப்பின் உரிமையாளர்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பொய்யிலிருந்து. அதை நாற்பத்து மூன்று பேர் வாசித்தார்கள். பதினாறு பேர் வருத்தம் தெரிவித்தும் விட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். வயது எழுபத்து மூன்று. மேல் பொத்தானைப் போடாமல் தபால்காரர் முன்னால்கூட நிற்க மாட்டார். ஆறு ஆண்டுகளாகக் குடும்ப வரலாறு எழுதுகிறார். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதே வீட்டின் பின்னறையில் அவருடைய தங்கை இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபத்தொரு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். வரலாறு குடியிருக்கும் கணினியை வாங்கியவளும் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டவளும் அவளே.

2.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

தங்கையின் அலட்சியத்தால் ஒரு குடும்பத்தின் மொத்த வரலாறும்— (இல்லை.)

சனிக்கிழமை அவள் கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள். திங்கட்கிழமை அது— (இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகத்தான் எனக்கு ஆசை.)

மூன்றாவது. திங்கட்கிழமை காலை பெரியவர் கடவுச்சொல்லைத் தட்டினார். திரை ஒரு நொடி கறுத்தது. மறுபடியும் அதே பெயர், அதே கட்டம். கடவுச்சொல் தவறு என்று சொன்னாலாவது திட்டலாம்; அதுவும் சொல்லவில்லை. உள்ளே கூப்பிடுவது போல் கூப்பிட்டு வாசலிலேயே திருப்பி விட்டது. பதினோரு முறை. சொந்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை தனக்கு நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

இது இருக்கட்டும்.

3.

தங்கையைக் கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். (ஏன் கூப்பிடவில்லை என்று வாசகர் கேட்பார். எழுதுகிறவனுக்கும் பதில் தெரியவில்லை.) அவர் கைபேசியை எடுத்து உறவினர் குழுவுக்கு எழுதினார்: பாப்பா கணினியில் ஏதோ செய்து நம் குடும்ப வரலாறு முழுவதையும் அழித்துவிட்டாள். பொறுப்பில்லாதவர் கையில் பொறுப்பைக் கொடுத்தது என் பிழை. அந்தக் கடைசி வரியின் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது.

ஐந்து நிமிடத்தில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். யார் சொல்லி வந்தாள் என்று அவர் யோசிக்கவில்லை.

(முதல் வரைவில் அவளை இந்த இடத்தில் கத்த விட்டேன். வாசகரின் அனுதாபம் கொஞ்சம் பெரியவர் பக்கம் சாயும் அல்லவா? ஆனால் அவள் கத்தவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று. மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். படங்கள் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. அங்கே அதே பெயரையும் கடவுச்சொல்லையும் அவரையே தட்டச் சொன்னாள். உடனே உள்ளே விட்டது. அவருடைய கோப்புகளை வரிசையாக வரவழைத்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் பெயர்.

4.

“இந்த வரிய நீங்களே வாசிங்கண்ணே.”

வழக்கமாகக் கண்ணில் படாத ஒரு சின்னக் கோப்பு அது. படத்திரைக்குள் போவதற்கான அனுமதிச்சீட்டு என்று அவள் விளக்கினாள். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் பெயர். அந்தச் சீட்டுக்கு மட்டும் உரிமையாளர் ரூட்.

“யாரு இவன்? வெளியிலேர்ந்து யாராவது உள்ள புகுந்துட்டானா?”

“நீங்கதான்.”

சனிக்கிழமை அவள் ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் ‘சுடோ’ என்று தட்டியதைப் பெரியவர் பின்னால் நின்று பார்த்திருந்தார். என்ன அது என்று கேட்டதற்கு, இந்த மெஷினுக்கே எசமானா நின்னு செய்யறது என்றாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தன் வீட்டில், தன் குடும்ப வரலாற்றை, எவனோ சாதாரண ஆள் மாதிரி எதற்குத் திறக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அவள் நூலகம் போன நேரத்தில் அவரும் எசமானாகத் திறந்தார். கணினி சொன்ன சொல் தட்டாமல் திறந்தது; சீட்டையும் ரூட் என்ற எசமான் பெயருக்கே எழுதி வைத்தது. மறுநாள் வெறும் ஆளாக வந்தவரிடம் சீட்டு இல்லை.

கணினியின் பதிவேட்டை அவள் திறந்து காட்டினாள். ஞாயிறு, காலை ஒன்பது பன்னிரண்டு. அவர் பெயர், அந்தச் சொல், வரலாற்றின் தலைப்பு. அவர் கை சட்டையின் மேல்—

என் கை சட்டையின் மேல் பொத்தானைத் தேடியது. பெரியவர் என்று எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றப் போட்ட வேடம். இதற்கு மேல் தாங்காது.

5.

ஒரே வரி தட்டினாள். சீட்டு என் பெயருக்கு வந்தது. படத்திரை திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் இருந்தன.

அவள் எழுந்திருக்கவில்லை. தேடும் கட்டத்தில் ‘பாப்பா’ என்று தட்டினாள். வந்த எண்: ஒன்று.

“முழுசா இருக்குண்ணே. எதுவும் அழியல. நான் ஒரே ஒரு எடத்துலதான் இருக்கேன், அதுவும் பத்திரமா இருக்கு.”

பக்கம் நூற்று நாற்பது. ‘இவர்களுக்குப் பாப்பா என்றொரு மகளும் உண்டு.’ அம்மா படுத்த படுக்கையாய் இருந்த ஒன்பது வருடம் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்திலும் அவள் இல்லை. இத்தனை முறை வாசித்தும் என் கண்ணில் படவில்லை.

6.

முடிவுகள்.

முதலாவது: மென்பொருள் கோளாறு, யார் மீதும் தவறில்லை என்று குழுவுக்கு எழுதிவிடுவது. அவளிடமே போய்ச் சொன்னேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த தோழி வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம்.

“மெஷினுக்கு மானம் கெடையாது. அதான் அது தலையில போடுறீங்க.”

“மூத்தவன் தப்பு பண்ணிட்டான்னு எழுதுனா அசிங்கம் எனக்கு மட்டுமா பாப்பா? நம்ம எல்லாருக்குந்தான்.”

“அந்த நாப்பத்து மூணு பேருல நானும் ஒருத்தி. கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டே வாசிச்சேன்.”

அவளும் உறவினர் என்பதே எனக்கு மறந்திருக்கிறது.

இரண்டாவது: அவள் பெட்டியைத் திரும்பவும் பிரிக்கிறாள், இருவரும் தேநீர் குடிக்கிறோம். நான்கு வரி எழுதினேன், நன்றாகவே வந்தது. நடக்காததை எழுதி ஒரு முறை பட்டது போதும்.

7.

அதனால் இப்படிச் செய்கிறேன். ‘சுடோ’ என்ற அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தகுதியுள்ளவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் என்னக் கேக்காம ஒண்ணும் மாத்த முடியாது.”

“எடு.”

எடுத்துவிட்டாள். பெட்டி வாசல் பக்கம் நிற்கிறது. நான் இந்த வாக்கியத்தை முடிப்பதற்காக அவள் கைப்பையோடு காத்திருக்கிறாள். முடித்ததும் இந்தக் கோப்பு அவள் பெயருக்கு மாறும். அதன் பிறகு நான் வாசிக்கலாம், ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இதைக் குழுவுக்கு அனுப்புவதா அழிப்பதா, நூற்று நாற்பதாம் பக்கத்தை என்ன செய்வது, அந்தப் பெட்டி எங்கே போவது, எல்லாம் அவள் கையில்.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் அவள் அனுப்பியிருக்கிறாள். அந்த மற்ற நாற்பத்திரண்டு பேரில் நீங்களும் ஒருவர் என்றால், மீதியை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே ஏதாவது எழுதியிருந்தால், அது நான் எழுதியது அல்ல.