சிவப்புக் கோட்டுக்குக் கீழே

“போட்டிய நிறுத்துங்க, மாமா.”

கொட்டகைக்குள் காப்பி குடித்துக்கொண்டிருந்த பதினோரு பேரும் யோருனைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் கிளம்பும்போதே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஊர்வேலைக்குப் போகிற இடத்தில் எதை வேண்டுமானாலும் கேள், நிறுத்து என்று மட்டும் கேட்டுவிடாதே. இந்த நார்வேப் பள்ளத்தாக்கில், கூலியில்லாமல் கூடிச் செய்த வேலையில் குறை சொல்வது செய்த அத்தனை பேர் முகத்திலும் துப்புவதற்குச் சமம்.

ஹல்வார்ட் அவள் அம்மாவின் அண்ணன். சறுக்குக்கட்டையில் சறுக்கி வந்து பறந்து தாவும் போட்டி நடக்கிற பனித்தாவல் மேட்டுக்கு இருபது வருஷமாக அவர்தான் பொறுப்பு.

“ஏன், வெயில் கண்ணக் கூசுதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிவப்புக் கோட்டுக்குக் கீழ மிதிக்கவே இல்ல. மேல உப்புப் பொறுக்கு, அடியில வெறும் மாவு. குத்திப் பாத்தா கம்பு முழங்கை ஆழத்துக்கு எறங்குது.”

நல்ல தாவல்காரர்கள் வந்து இறங்கும் தூரத்தைக் காட்டுவது அந்தக் கோடு. விடிந்ததிலிருந்து முப்பது பேர் சறுக்குக்கட்டைகளைக் குறுக்காக வைத்து, தோளோடு தோள் ஒட்டி, புதுப்பனியை மிதித்து இறுக்கிக்கொண்டே இறங்கினார்கள். கோட்டருகே வந்தபோது கீழே சுடச்சுட வாஃபிள் வந்துவிட்டது. பாதிப் பேர் சாப்பிடப் போனார்கள். அவர்கள் திரும்பியதும் மீதிப் பேர் போனார்கள். அவர்கள் முடித்திருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் முடிப்பார்கள் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். மேலே உப்பும் தூவியாயிற்று. ஈரப்பனி உப்புப் பட்டால் இறுகிவிடும். பார்வைக்குப் பளிங்குத் தரை. பறந்து வந்து இறங்குகிறவளின் கட்டை அதில் புதைந்தால், கால் அங்கேயே நிற்கும், உடம்பு போய்க்கொண்டே இருக்கும்.

போட்டிக்கு முன்னால் மேட்டைச் சோதித்துப் பார்க்க முதலில் தாவப் போகிறவள் தீரில். ஹல்வார்டின் மகள், பதினேழு வயது. இன்னும் அரை மணிதான்.

“ட்ரோண்ட்ஹைம் போயி நாலெழுத்து படிச்சா, பனிகூட இவகிட்ட பாடம் கேக்கணுமோ?” என்றான் உப்புத் தூவிய அர்ன்ஃபின். “உங்க குடும்பத்துல மொத ஆளா காலேஜ் போனவ, சரி. அதுக்காக…”

“அதுக்காக வாய மூடிக்கணுமா அண்ணே? தூவுறதுக்கு முன்னால ஒரு தடவ குத்திப் பாத்தீங்களா?”

அர்ன்ஃபின் காப்பியைக் கலக்கினான். அதில் சர்க்கரையே இல்லை.

“மொதல்ல தாவப்போறது எம் பொண்ணு,” என்றார் ஹல்வார்ட். “அவமேல ஒனக்கு மட்டும்தான் அக்கறையோ?”

“அப்ப மூணு மணி நேரம் தள்ளி வைங்க. ஒடச்சுட்டு மறுபடி மிதிப்போம்.”

“வெளியூர் பஸ் நாலு வந்து நிக்குது. என்னன்னு சொல்றது? வாஃபிள் தின்னோம், மிதிக்க மறந்துட்டோம்னா?”

“ஆமா. அதையேதான்.”

“அவ கோடு வரைக்கும் வரமாட்டாடி. எண்பது மீட்டர்லயே எறங்கிருவா.”

“எதிர்காத்து ஏறிட்டே இருக்கு, அவளத் தூக்கிட்டு வரும். போன வாரம் கோட்டத் தாண்டி தொண்ணூத்திரெண்டு வந்தாளே, நீங்கதான ஊருக்கே கேக் கொடுத்தீங்க?”

மேலிருந்து வாக்கிடாக்கி கரகரத்தது. “தீரில் மேல வந்தாச்சு. எறக்கலாமா?”

ஹல்வார்ட் அதை எடுத்தார். பொத்தான்மேல் கட்டைவிரல் நின்றது. மருமகளைப் பார்த்தார், பிறகு சுற்றியிருந்த மற்ற முகங்களையும் பார்த்தார். காது மடல்கள் சிவந்தன.

“சொன்ன நேரத்துக்கு எறக்கு,” என்றார்.

யோருனுக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிகிறது. அவள் சொன்னதை அவர் நம்பிவிட்டார். இத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த வெட்கத்துக்கு விலை தீரிலின் முழங்காலா? இனி இவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பொறுக்கு உடைந்து கிடந்தால், அதைப் பார்த்துக்கொண்டு எந்த நடுவரும் தாவச் சொல்லிக் கொடி அசைக்க மாட்டார்.

சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தாள்.

“ஏய், எங்க போற?”

“ஒடைக்க.”

“யோருன்! ஊரே பாத்துட்டிருக்கு!”

“பாக்கட்டும் மாமா.”

கதவைச் சாத்தாமலே வெளியே இறங்கி நடந்தாள்.