மூன்று தோசைக்கு ஒரு கரண்ட் பில்

பியூஸைப் பிடுங்க வந்த ஆளையே எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்ட வைத்தவன் நான். அதுவும் மூன்று தோசைக்கு. மதுரை ஜில்லாவில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை, இனி நடக்கப் போவதுமில்லை. டெல்லியில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்தால் மின்சார இலாகாவையே தூக்கி என் கையில் கொடுத்துவிடுவார்கள். மூட்டுவலி இருப்பதால் நான்தான் வெளியே சொல்லாமல் இருக்கிறேன்.

டீக்கடையில் சொன்னேன், நம்பினார்கள். ஓசி டீ குடித்தவர்கள் கூடுதலாகவே நம்பினார்கள். நம்ப மாட்டேன் என்று நின்றது ஒரே ஆள்தான், என் மருமகள் தமிழ்ச்செல்வி. அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் வீடு சமயநல்லூரில். நான் நூல் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். பென்ஷன் உண்டு. அதை எண்ணிக் கொடுக்க ஏடிஎம் மெஷினே கூச்சப்படும். மகன் அருள்பாண்டி பரவை மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வண்டி அவன் பேரில், வருமானம் பைனான்ஸ்காரர் பேரில். ஆக, அரிசி பருப்பு என்று வீடு ஓடுவது தமிழ்ச்செல்வியின் மாவில்தான். காலையில் கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, பிரிட்ஜில் வைத்து, தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பாள்.

கிரைண்டரும் பிரிட்ஜும் சோறு கேட்காது, கரண்ட்டைத்தான் தின்னும். அதோடு இந்த வருஷத்துக் கோடை. பைப்பைத் திறந்தால் தண்ணீர் காப்பிச் சூட்டில் வந்தது. நான் அதில் சுக்கைத் தட்டிப் போட்டு அப்படியே குடித்திருக்கிறேன். பேத்தி பாண்டிமீனாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நாலு வயதுப் பிள்ளையிடம் ஃபேனை நிறுத்துகிறேன் என்று யார் சொல்வது? அந்த இரண்டு மாதக் கணக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டது. அதைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும். போனில் பில் வந்தபோது தமிழ்ச்செல்வி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் திரும்பவும் படித்தாள். குறைந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யாத சிக்கனம் இல்லை. எல்லோரும் ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்தோம். டிவி வயரை உருவிப் பரணில் போட்டேன். சீரியலில் யார் யாரைக் கொன்றார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழ்ச்செல்வி ராத்திரியில் பிரிட்ஜை நிறுத்திப் பார்த்தாள். ஒரு நாள் மாவு முழுக்கப் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. அவள் அழவில்லை, திட்டவில்லை. சாக்கடையில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கை மட்டும் ரொம்ப மெதுவாக வேலை செய்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் பெரிய பணக்காரன். என் சொந்த ஊர்ப் பக்கம், உசிலம்பட்டி தாலுகாவில் பாதிப்பேர் எனக்குக் கடன்பட்டவர்கள். மொய்க் கடன். எங்கள் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு இல்லை. இன்று உன் வீட்டு விசேஷத்தில் நான் வைத்தால், நாளை என் வீட்டு விசேஷத்தில் நீ கொஞ்சம் கூடச் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் விசேஷம் வைத்தால்தான் திரும்பி வரும். விசேஷம் இல்லாமல் வாய்விட்டுக் கேட்டவனை அப்புறம் எந்தப் பந்தியிலும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

மில் சம்பளத்தில் ஊர் ஊராகப் போய் வைத்தேன். மகன் கல்யாணத்தில் மொத்தமாக வந்து சேரும் என்று இருந்தேன். கல்யாணம் கொரோனா சமயத்தில் வந்தது. மாஸ்க் போட்ட இருபது பேர், இரண்டு போலீஸ்காரர்கள். பத்திரிகை அடிக்கவில்லை, பந்தி இல்லை, மொய்யும் இல்லை. கல்யாணச் செலவு மட்டும் கடனாக வந்து உட்கார்ந்தது. பேத்திக்குப் பெரிதாகக் காது குத்து வைத்து வசூல் பண்ணலாம் என்றால் மண்டபத்துக்கும் கிடாய்க்கும் முதலில் பணம் வேண்டும். அதனால் ஊரெல்லாம் என் பணம் நிற்கிறது, வீட்டில் கரண்ட் பில்லுக்குக் காசில்லை.

போன தீபாவளிக்கு அருள்பாண்டி வண்டி டயருக்காக வட்டிக்கு வாங்கினான். வட்டிக்காரர் தினமும் விடிந்ததும் வந்து வாசலில் நின்றார். ஒரு வார்த்தை பேச மாட்டார், சும்மா நிற்பார். தமிழ்ச்செல்வி கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்து அவரை அனுப்பினாள். அன்றைக்கு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே இந்த வீட்ல யாராச்சும் வட்டிக்கு வாங்குனா, நான் பிள்ளையத் தூக்கிட்டுத் திருப்பூர் போயிருவேன் மாமா. பனியன் கம்பெனியில தச்சுப் பொழச்சுக்கிருவேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

பில் கட்டக் கடைசித் தேதி முடிந்து சில நாளாகிவிட்டது. அன்று காலையில் தமிழ்ச்செல்வி மாவு பாக்கெட்டுகளோடு கிளம்பினாள். அப்படியே வாடிக்கை வீடுகளில் நிற்கிற பாக்கியையும் வசூலித்து வருவதாக ஏற்பாடு. பிரிட்ஜ் நிறைய மாவு இருந்தது.

"மாமா, ஈபி ஆளு வந்தா சாயங்காலம் கட்டிருவோம்னு சொல்லுங்க. அத மட்டும் சொல்லுங்க. கதை எதுவும் வேணாம்."

"நான் என்னைக்கு ஆத்தா கதை சொன்னேன்?" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், ஈபி ஆள் பைக்கில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். கையில் கட்டிங் பிளேயர், ஒரு காகிதம், சட்டை முழுக்க வேர்வை. முதலில் தண்ணீர் கேட்டார். செம்பை ஒரே மூச்சில் குடித்தார்.

"பில்லு கட்டலயே பெரியவரே."

"சாயங்காலம் கட்டிருவோம் தம்பி."

"எல்லா வீட்லயும் சாயங்காலந்தான் கட்டுறாங்க. எந்தச் சாயங்காலம்னுதான் சொல்ல மாட்டேங்குறாங்க." அலுப்போடு மீட்டர் பெட்டியைத் திறந்தார். "என்மேல வருத்தப்படாதீங்க. நான் பியூஸப் புடுங்கலன்னா என்னையப் புடுங்கிருவாங்க."

 பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பிக்கு எந்த ஊரு?" என்றேன்.

"உசிலம்பட்டிப் பக்கம்."

"நம்ம பக்கந்தான். யாரு மகன்?"

"சின்னத்தாய் மகன், காசிமாயன். ஏன், எங்கம்மாகிட்டப் போயி பிராது கொடுக்கப் போறீகளா?"

சின்னத்தாய் எனக்குத் தங்கச்சி முறை. இந்தக் காசிமாயனுக்குக் காது குத்தியபோது மடியில் நெளிந்ததை நானே பார்த்திருக்கிறேன். மில்லில் போனஸ் கொடுத்த வருஷம். என் மொய்யை மைக்கில் வாசித்தபோது கூட்டம் எழுந்து நின்றது. பந்திக்கு எழுந்ததாகவும் இருக்கலாம்.

"நான் முத்துக்கருப்பன்" என்றேன்.

பியூஸில் இருந்த கையை எடுத்துவிட்டான். "மில்லு முத்துக்கருப்பனா? மகன் கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லாம விட்டது நீங்கதானா?"

"கொரோனா மாப்ள. மாப்பிள்ளைக்கே பாஸ் இருக்கான்னு போலீஸ்காரரு கேட்டாரு."

"அதெல்லாம் எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. அண்ணன் வீட்டு மொய் நிக்குது, அண்ணன் வீட்டு மொய் நிக்குதுன்னு அது பொலம்பாத நாளில்ல. காது குத்துக்கும் செஞ்சீக, எங்க அக்கா கல்யாணத்துக்கும் செஞ்சீக. திருப்பிச் செய்ய விட்டாத்தான?"

நான் கேட்கக் கூடாது. கேட்டால் இத்தனை வருஷம் வைத்ததற்கு மரியாதை இல்லை. ஆனால் சாப்பாடு போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

"சாப்ட்டியா மாப்ள?"

"இன்னும் பத்து வீடு பாக்கணும் மாமா."

"நீ பியூஸப் புடுங்குனா பிரிட்ஜில இருக்கற மாவு அம்புட்டும் பொங்கிப் போகும். அதுக்கு முந்தி நாலு வாய் சாப்பிடு. அப்புறம் புடுங்கிக்க."

அவன் முகத்தில் பசி தெரிந்தது. உட்கார்ந்துவிட்டான். நான் பிறந்ததிலிருந்து அடுப்பைத் தொட்டதில்லை. முதல் தோசை கல்லோடு சம்பந்தம் பண்ணிக்கொண்டு வர மறுத்தது. இரண்டாவது வந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, பாண்டிமீனாவை எழுப்பி முகம் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இன்னைக்குத்தான் மாப்ள இவளுக்கு விசேஷம்."

"என்ன விசேஷம்?"

"பள்ளிக்கூடத்துல சேக்குறோம்."

"அதுக்கெல்லாம் யாரு விசேஷம் வைக்கிறா?"

"நான் வைக்கிறேன். நீதான் மொதப் பந்தி."

"மைக் செட்டக் காணோம்?"

"நீ கரண்ட்ட விட்டு வச்சாத்தான மைக் செட்டு."

சிரித்தான். சிரித்துவிட்டுக் கேட்டான், "சரி, பத்திரிகை வைக்காம விசேஷமா?"

"அதான் கையில வச்சிருக்கியே. எங்க வீட்டு விலாசம் அச்சடிச்சிருக்கு, தேதி போட்டிருக்கு. வேற என்ன வேணும்?"

காசிமாயன் தன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். பியூஸ் பிடுங்க வேண்டிய வீடுகள் வரிசையாக இருந்த காகிதம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதன்பிறகு சாப்பிட்டான். மூன்று தோசை. கை கழுவிவிட்டு மீட்டர் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றான். விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் படி இறங்க எங்கள் பக்கத்து ஆளுக்குக் கால் வராது. அது அவனுக்கும் தெரியும், நான் தெரிந்துதான் தோசை சுட்டேன் என்பதும் தெரியும்.

"மாமா, நானும் சம்பளத்துக்குப் பொழைக்கிறவந்தான். என் வீட்லயும் ஒரே ஃபேனுதான் ஓடுது."

"நான் ஏதாச்சும் கேட்டேனா மாப்ள?"

"கேக்கல. அதான் கழுத்தப் புடிக்குது."

போனை எடுத்தான். எங்கள் இணைப்பு எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினான். பில் முழுவதையும் கட்டினான். மீட்டர் பெட்டியைச் சாத்தினான். "இனிமே எங்கம்மா நிம்மதியா சோறு திங்கும்" என்று சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டான். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் தங்கப்பொண்ணு வீட்டுப் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினான். அந்த அம்மாவுக்கு உசிலம்பட்டியில் யாரும் இல்லை.

தமிழ்ச்செல்வி மதியம் வெயிலில் வந்தாள். சுருக்குப் பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். பாதிக்குக்கூட வரவில்லை. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தாள்.

"ஃபேன் ஓடுது மாமா."

"ஓடும் ஆத்தா."

"ஈபி ஆளு வரலயா?"

"வந்தான். சாப்ட்டான். பில்லக் கட்டிட்டுப் போயிட்டான்."

போனைப் பார்த்தாள். பணம் கட்டியாயிற்று என்று தகவல் வந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. அவளுக்கு முகம் செத்துவிட்டது.

"யார்கிட்ட வாங்குனீங்க?"

"யார்கிட்டயும் வாங்கல. அவனே கட்டுனான். பத்துத் தோசை சுட்டேன் பாரு, ஒவ்வொண்ணும் பௌர்ணமி மாதிரி."

"வட்டி எம்புட்டு?"

"வட்டியே இல்ல. அவன் அழுதுக்கிட்டே கட்டுனான். இருபது தோசைக்கு மேல அவனால திங்க முடியல."

அவள் எழுந்து கொடியில் கிடந்த பாண்டிமீனாவின் கவுன்களை எடுத்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள். "திருப்பூருக்கு ஆரப்பாளையத்துல இருந்து பஸ்ஸு உண்டுல்ல மாமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நடந்து நடந்து கால் ஓய்ந்தவள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

 என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை ஒன்றுமே கூட்டாமல் சொன்னேன். சின்னத்தாய் மகன், மூன்று தோசை, ஒன்று கல்லோடு ஒட்டிக்கொண்டது, பழைய மொய். சொல்லி முடித்தபோது எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது. அவள் கவுனை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"யாரு, முத்துக்கருப்பண்ணனா? நான் சின்னத்தாய் பேசுறேன். பேத்தியப் பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்கு விசேஷம் வச்சீகளாம். தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயில்ல?"

"திடீர்னு வச்சது தாயி."

"திடீர்னு வச்சாகளாம். போகட்டும், பய வந்து செஞ்சுட்டான்ல. பழசு கழிஞ்சது போக ஆயிரத்துச் சொச்சம் புது மொய்யாக் கெடக்கு. நாங்க எழுதி வச்சுட்டோம், நீங்களும் மறந்துறாதீக. ஆவணியில எங்க பேத்திக்குக் காது குத்து. மருமகளையும் கூட்டிட்டு வாங்க."

"வாரோம் தாயி" என்றேன்.

போனை வைத்தேன். தமிழ்ச்செல்வியின் கை நின்றுவிட்டது.

"புது மொய்ன்னா திருப்பி வைக்கும்போது கூடச் சேத்து வைக்கணும்ல மாமா?"

"வைக்கணும்."

"ஆவணியிலயா?"

"ஆவணியிலதான்."

மடித்த கவுன்களை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினாள். பிரிட்ஜைத் திறந்து மாவுப் பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடன் வந்து நிக்குதுன்னா, அப்ப நெசமாத்தான் நடந்திருக்கு மாமா."