ஒரு தெருவுக்கான பெட்ரோல்

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வகுப்பு முடிந்து வந்து பைக்கை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடினேன். மூடியது சரிதான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் தூங்கிவிட்டார். காலையில் சொல்ல வேண்டும்.

இதை எழுதிய நோட்டு கைப்பைக்குள் இருந்தது. கைப்பை அவள் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி எழுத்தர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"இறந்தவர் வயசு என்னம்மா?"

"அம்பத்தி நாலு," என்றாள். பிறகு, "இல்லைங்க, அம்பத்தி மூணு. அடுத்த மாசந்தான் அம்பத்தி நாலு."

அவர் எழுதியதை அடித்துவிட்டு மேலே மாற்றி எழுதினார். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டாள். கையெழுத்து எப்போதும்போல் கோணாமல் விழுந்தது. அது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

காலை ஏழரைக்கு, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அப்பா கீழே இறங்கிப் போனார். ஏழு ஐம்பதுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். எட்டு இருபதுக்கு டாக்டர், கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார். மாரடைப்பு. எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிஷம். அவளுடைய மாலை வகுப்பில் ஒரு பாடம்கூட அதற்குள் முடியாது.

அத்தை வெளியூரிலிருந்து வரும்வரை அப்பா ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று அம்மாவின் தம்பியான மாமா முடிவு செய்தார். 'இருக்கட்டும்' என்றுதான் சொன்னார், என்னவோ சிகிச்சைக்குச் சேர்த்திருப்பதுபோல. அம்மா தலையை ஆட்டினாள். அம்மா இன்னும் அழவில்லை.

அப்பாவுக்கு வீடுவீடாகப் போய்க் குடிநீர் ஃபில்டர் சர்வீஸ் செய்யும் வேலை. ஒன்பது வருஷம் கம்பெனி வண்டியில் சுற்றினார். போன மாதம் கம்பெனியை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபோது சொந்தமாக ஒரு பழைய பைக் தேவைப்பட்டது. இரண்டு கிடைத்தன. ஒன்று சிவப்பு, ஆறு வயது, இன்ஜெக்‌ஷன். இன்னொன்று கறுப்பு, பதினோரு வயது, கார்புரேட்டர். பகலில் கண்ணாடிக் கடையில் பில் போட்டுவிட்டு மாலையில் டூவீலர் மெக்கானிக் வகுப்புக்குப் போகிறவள் அவள். நோட்டில் கோடு கிழித்து இரண்டு வண்டிகளையும் எதிரெதிரே எழுதினாள்.

"இன்ஜெக்‌ஷன்ல எவ்வளவு பெட்ரோல் உள்ள போகணும்னு ஒரு குட்டி கம்ப்யூட்டரே அளந்து விட்டுடும்ப்பா. பட்டனை அமுக்கினா பட்டுனு ஸ்டார்ட் ஆகும், மைலேஜும் கூட. ஆனா ஒரு சென்சார் போச்சுன்னா நடுரோட்டுல நின்னு வேடிக்கைதான் பாக்கணும். கார்புரேட்டர்னா பெட்ரோலையும் காத்தையும் கலக்குற சின்ன டப்பாதான், நானே கழட்டி, ஊதி, மாட்டிடுவேன்."

"அதாவது பட்டனை அமுக்குற வண்டி வேணாம், காலால உதைக்கிற வண்டி வேணும்ங்கிற."

"கறுப்போட சத்தத்தைக் கேட்டீங்கல்ல? சுத்தமா இருக்கு."

"சரி, நோட்டுப் போட்டவ சொன்னா சரியாத்தான் இருக்கும். பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஃப்ரிட்ஜ் வாங்கினேன், பொண்ணு பேச்சைக் கேட்டு வண்டி வாங்குறேன்."

"அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுது, ஞாபகம் இருக்கட்டும்," என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அந்தப் பட்டியலில் மொத்தம் பதினோரு வரி. விலை, டயர், செயின், உதிரி பாகம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது. டாங்கிலிருந்து பெட்ரோலை இறக்கும் டேப்புக்கு ஒரு வரி இல்லை. அப்பா ஓட்டிய கம்பெனி வண்டி இன்ஜெக்‌ஷன். திறந்து மூட அதில் டேப்பே கிடையாது. கறுப்பு வண்டி வாங்கி நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் டேப் திறந்தே கிடந்தது. நேற்றுதான் வகுப்பில் ஆசிரியர், பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் நிறுத்தியதும் டேப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கும் என்றார். அவள் வந்த கையோடு மூடினாள்.

மதியம் வீடு திரும்பும்போது ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடை வாசலில் எழுந்து நின்றார்.

"முனை வரைக்கும் நல்லாத்தான் வந்தாரும்மா. இங்க வந்து நின்னுபோச்சு. உதைச்சாரு, உதைச்சாரு, அசையல. நான்கூட, 'என்ன சார், புது மாப்ள முறுக்குறாரா'ன்னு கேட்டேன். 'புதுசு எங்கங்க, பதினோரு வயசு'ன்னு சிரிச்சாரு. இன்னும் ரெண்டு உதை. அப்புறம் இந்தப் படியில உக்காந்தாரு. 'ஒரு நிமிஷம்'னாரு. அவ்வளவுதான்."

"எத்தனை தடவை உதைச்சாரு?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எண்ணலையேம்மா."

டேப் மூடியிருந்தாலும் வண்டி கிளம்பும். கார்புரேட்டரின் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும். அது தீரும்வரை ஓடும். ஒரு தெரு ஓடும். அதற்குப் பிறகு நின்றுவிட்டால், டேப்பைத் திறக்காமல் எத்தனை உதை உதைத்தாலும் எழாது. இந்தக் கேள்விக்குப் போன வாரத் தேர்வில் அவளுக்கு முழு மதிப்பெண்.

பைக் தெருமுனையில் இல்லை. வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். டேப்பின் பிடி கீழ்நோக்கி இருந்தது. திறந்திருந்தது.

"நான்தான் எடுத்துட்டு வந்து போட்டேன்," என்றார் மாமா, பின்னாலிருந்து. கண்கள் வீங்கியிருந்தன. "முதல் மிதியிலயே ஸ்டார்ட் ஆச்சு. கழுதை, அவரை இந்தப் பாடு படுத்திட்டு, என்னை மட்டும் மரியாதையா ஏத்திக்கிட்டு வருது."

"மாமா, நீங்க எடுக்கும்போது டேப் மூடியிருந்துச்சா?"

"டேப்பா?" மாமா தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். "கவனிக்கலையே. இருபது வருஷமா எனக்கு இந்த மாதிரி வண்டிதான். ஏறி உக்காந்தா இந்தக் கை தன்னால அங்க போயிடும். மூடியிருந்ததைத் திறந்துச்சோ, திறந்திருந்ததைத் தொட்டுட்டு வந்துச்சோ, யார் கண்டா? ஏன் கேக்குற, இன்ஜினியரம்மா?"

"சும்மாதான்."

'இன்ஜினியரம்மா' என்பது மாமா அவளைக் கிண்டல் செய்யக் கூப்பிடும் பெயர். இன்று அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் பிடியைப் பக்கவாட்டில் திருப்பினாள். மறுபடி கீழே திருப்பினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தமில்லாமல் நகர்ந்தது. காலையில் அது எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அப்பா. தெரியாமலே உதைத்திருந்தால் அவரும் இல்லை.

பொழுது சாயும்வரை வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள், மாமா ஒரே பதில் சொன்னார். நல்லாத்தான் இருந்தாரு, வண்டி ஸ்டார்ட் ஆகல, உதைச்சிருக்காரு. ஒவ்வொரு தடவை 'உதைச்சிருக்காரு' என்றபோதும் அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். ஐந்தாவது தம்ளருக்குச் சமையலறைக்குப் போனபோது அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். கேட்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் இன்று சொல்லாவிட்டால் எந்த நாளும் சொல்ல வராது என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, நேத்து நான் பைக்ல பெட்ரோல் டேப்பை மூடிட்டேன். அப்பாகிட்ட சொல்லல. அது மூடியிருந்தா வண்டி தெருமுனையோட நின்னுடும். அப்புறம் எவ்வளவு உதைச்சாலும் வராது."

அம்மாவின் கை நின்றது. வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். மாமா யாருக்கோ ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார், இரண்டு முறை சொன்னார்.

"அவருக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"நீ மூடினது. 'பாப்பா மூடி வச்சிருக்கா, திறந்துட்டு எடுக்கணும்'னு சொல்லிட்டுத்தான் இறங்கிப் போனாரு."

அவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா? அப்படியா சொன்னாரு?"

"பின்ன? அதைத் திறக்கத்தானே அந்தச் சின்னச் சாவியைத் தேடி எடுத்துட்டுப் போனாரு."

டேப்புக்குச் சாவி கிடையாது. அது விரலால் திருகுவது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. துணி மறுபடி நகர ஆரம்பித்தது, துடைத்த இடத்தையே துடைத்தது.

"சாவிதானே?" என்றாள் அம்மா, சின்னக் குரலில்.

"ஆமாம்மா," என்றாள் அவள். "சாவிதான்."

"போய் முகத்தைக் கழுவு."

கழுவினாள். துடைத்துக்கொண்டு அறைக்குள் போனபோது அப்பாவின் போன் கட்டில்மேல் ஒளிர்ந்தது. ஏதோ ஒரு வீட்டு அம்மாள். 'சார், நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க? ஃபில்டர்ல தண்ணி சொட்டுது.' அதற்கு மேலே இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களின் செய்திகள். மூன்று பேருக்கும் அப்பா நேற்றே 'கண்டிப்பா வரேன்' என்று பதில் அனுப்பியிருந்தார்.

ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நோட்டைத் திறந்தாள். தேதி போட்டாள்.

மார்ச் 13, புதன்.

அதன்கீழ் ஒரு வரி விட்டு எழுதினாள்.

நாளை எட்டு மணிக்குள் மூன்று வீடுகளுக்கும் போன் செய்ய வேண்டும். அப்பா வர மாட்டார், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்ல வேண்டும்.